நானே பார்த்து வாங்கிய படகு

மனைவியிடம் திட்டு வாங்குவதற்கென்றே திட்டம் போட்டு நான் ஒரு காரியத்தில் இறங்கியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மற்ற தடவையெல்லாம் திட்டம் எதுவும் இல்லாமலே திட்டு கிடைத்துக்கொண்டிருந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். மேலே, கீழே, மறுபடியும் மேலே, மறுபடியும் கீழே. முன்னால் போனதே கிடையாது. உத்தியோகத்திலும் அப்படித்தான். ஆனால் ஒன்று, நான் இறுக்கிய நட்டு தானாகக் கழன்றதாகச் சரித்திரமே இல்லை. இந்த ஊரில் பாதிப் பேர் என் நட்டை நம்பித்தான் எட்டாவது மாடிக்குப் போகிறார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரிக்குத் தெரியும். தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் ஸ்பானர்களையெல்லாம் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

அவளைக் குறை சொல்லக் கூடாது. எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கெட்டுப்போன சாமான் எதையாவது கண்டால் பிரித்துவிடுவேன். கெட்டுப்போன சாமான் இல்லையென்றால், நன்றாக ஓடுவதைப் பிரித்துக் கெடுத்துவிட்டு அப்புறம் சரிசெய்வேன். தையல் மிஷின், சுவர்க் கடிகாரம், வாசல் மணி எல்லாம் என் கைபட்டு உருமாறியவை. எங்கள் வாசல் மணி, கதவைத் திறந்து வந்தவரை உட்காரவைத்த பிறகுதான் அடிக்கும். எங்களுக்குக் குழந்தை குட்டி இல்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "அதான் இவர் இருக்காரே, போதாதா?" என்று என்னைக் காட்டிவிடுவாள். அடிக்கடி இன்னொன்றும் சொல்வாள்: "நான் இல்லைன்னா ஒரே வாரத்துல இந்த வீட்டையே கழட்டிப் போட்டுட்டு நடுவுல உக்காந்திருப்பீங்க." நானும் சிரிப்பேன். அப்போது அது வெறும் பேச்சு.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. சோதனை, ஊசி, மறுபடி சோதனை. கடைசியில் டாக்டரம்மா என்னை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார். வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, ஒரு வருஷம் ஓடினால் பெரிய விஷயம் என்று மெதுவாகச் சொன்னார். வீட்டுக்காரிக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம், சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த அறையில் ஒரு மேஜை மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. அதைப் பிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை வைத்துத்தான் விஷயம் எவ்வளவு பெரிது என்று எனக்கே புரிந்தது.

வெளியே வந்து, "வயித்துல புண்ணாம். மாத்திரை சாப்பிட்டா ஆறிடுமாம்" என்றேன்.

"சரி" என்றாள்.

வெறும் சரி. இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் ஒரே வார்த்தையில் நம்பியதில்லை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

சந்தோஷமாக வைத்துக்கொள்வது என்றால் எப்படி? யோசித்து யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது நடந்தது ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு படகு சீறிக்கொண்டு போனது. அதன் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் பலகை கட்டிய ஒருவன் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டே போனான். நான் அவனை வாயைப் பிளந்து பார்த்தேன். அவள் படகை ஓட்டியவளைப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவை அந்த இடத்துல உக்காரணும்" என்றாள். அப்புறம் ஆயுசு முழுக்க அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே படகு. ஆனால் "உனக்காகத்தான்" என்று சொல்ல முடியாது. சொன்னால், இத்தனை வருஷம் இல்லாத அக்கறை இப்போது எதற்கு என்று குடைந்து எடுத்து, உண்மையைக் கக்கவைத்துவிடுவாள். எனவே, கிழட்டு வயசில் எனக்குப் பிடித்த பைத்தியம் என்று காட்டிக்கொள்வதாகத் தீர்மானித்தேன். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். பைத்தியம் என்ற பட்டம் எனக்குப் புதுசா என்ன?

தேட ஆரம்பிக்கும் முன்பே அதிர்ஷ்டம் என்னைத் தேடி வந்தது. மொட்டை மாடி மோட்டார் அறையில் மதியச் சாப்பாட்டைப் பிரிக்கிறேன், டப்பாவைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் கண்ணுக்கு நேரே விளம்பரம்: "பழைய மாடல் சறுக்கு இழுவைப் படகு, உள் எஞ்சின், மரத்தால் ஆனது, விற்பனைக்கு." குழம்புக் கறைகூடப் படாமல் பளிச்சென்று இருந்தது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏரிக்கரைக் கொட்டகையில் படகுக்காரர் இருந்தார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கிரீஸ் அப்பியிருந்ததால் அங்கே அவருக்குப் பெயரே கிரீஸ். கொட்டகையில் படகுகள் மூன்று. இரண்டைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். அவை விற்பனைக்கு இல்லை என்றார். மூன்றாவது மட்டும் திறந்து கிடந்தது. அடடா, என்ன ஒரு படகு! தேன் நிறப் பலகை, அங்கங்கே பாளம் பாளமாக உரிந்திருந்தது. மோட்டார் பின்னால் தொங்கவில்லை. படகின் நடு வயிற்றில், ஒரு பெட்டிக்குள் எஞ்சின். அதற்குப் பக்கத்தில் கயிறு கட்ட ஒரு இரும்புக் கம்பம். ஓட்டுகிறவருக்கு முன்னால் பார்த்த இருக்கை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கம் பார்த்த இன்னொரு இருக்கை. ஓட்டுகிறவர் முன்னால்தான் பார்க்க வேண்டும், இழுபடுகிறவர் விழுந்தாரா இருக்கிறாரா என்று பார்க்க ஒருத்தர் பின்னால் திரும்பி உட்கார வேண்டும் என்று விளக்கினார் கிரீஸ்.

நான் எஞ்சின் பெட்டியைத் திறந்தேன். ஒரு குழாய் உருப்படியாக இல்லை. ஒரு நட்டு துரு இல்லாமல் இல்லை. என் கை தானாகச் சட்டையை மடித்துவிட்டது. அந்த நிமிஷமே வாங்கிவிட்டேன். நானே பார்த்து, நானே தேர்ந்தெடுத்து.

வீட்டில் விசாரணை எதிர்பார்த்தபடி நடந்தது.

"என்ன வாங்கியிருக்கீங்க?"

"படகு."

"எதுக்கு?"

"ஓட்டத்தான்."

"நீச்சல் தெரியுமா உங்களுக்கு?"

"படகுக்குத் தெரியும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஓய்வு பெறப்போகிற மனுஷன் செய்கிற வேலையா இது, புத்தி எங்கே போச்சு, ஊர் சிரிக்காதா என்று ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள். கொஞ்சம் மனப்பாடம் செய்தது போலத்தான் இருந்தது. எனக்கு ஒரே குஷி. திட்டம் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

முதல் நாள் தண்ணீரில் இறக்கினோம். கரையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்காரி நின்றாள். படகு மிதந்தது. பிறகு யோசித்தது. பிறகு இருக்கை மட்டத்துக்கு நிதானமாக மூழ்கியது. கிரீஸ் பதறவே இல்லை. காய்ந்த பலகை தண்ணீர் குடித்து ஊதினால்தான் இடுக்கு மூடும், ரெண்டு நாள் ஊறட்டும் என்றார். வீட்டுக்காரி அருகில் வந்து, "உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்குத்தான் அதுக்கும் நீச்சல் தெரியுது" என்றாள்.

ஊறி எழுந்த பிறகும் அடியில் ஒரு சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. எஞ்சினிலிருந்து, தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறிக்குப் போகும் தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அந்தத் துளையை அடைக்க எண்ணெய் தோய்ந்த திரி, திரியை அமுக்க ஒரு பெரிய நட்டு. நட்டு என்றால் எனக்குச் சொல்ல வேண்டுமா? பல்லைக் கடித்து இறுக்கினேன். சொட்டு நின்றது. சொட்டு நின்ற கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. கிரீஸ் ஓடி வந்து எஞ்சினை நிறுத்தினார்.

"சார், அது சொட்டணும். சொட்டுனாத்தான் தண்டு சூடாகாது. ஒரேடியா இறுக்கி மூடுனா உள்ளுக்குள்ளயே எரிஞ்சுபோயிடும்."

வீட்டுக்காரி அதைக் கேட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். கிரீஸுக்குத் தொழில் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

அப்புறம் வந்தது எங்கள் பொற்காலம். நான் நடிப்பின் உச்சத்துக்குப் போய், "எனக்குத் தண்ணில சறுக்கணும், நீ ஓட்டு" என்றேன். முடியாது என்பாள், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். பின்பக்கம் பார்த்த இருக்கையில் கிரீஸ். கயிற்றின் மறு நுனியில், காலில் பலகையும் மார்பில் மிதவைச் சட்டையும் கட்டிக்கொண்டு, தண்ணீரில் தவளை மாதிரி நான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போகிறாள். கயிறு கண்ணுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

படகு சீறியது. நான் எழுந்தேன், உடனே விழுந்தேன். கிரீஸ் கை தூக்கினார். அவள் வட்டமடித்து வந்து என்னைப் பார்த்தாள். மறுபடி எழுந்தேன், மறுபடி விழுந்தேன். ஒரு தடவை பலகை இரண்டும் தனியாகப் போய்விட, நான் வயிற்றால் சறுக்கிக்கொண்டு போனேன். "விட்டுடுங்க சார், கயித்தை விட்டுடுங்க" என்று கத்தினார் கிரீஸ். விடவே தோன்றவில்லை. குடித்த தண்ணீரில் ஏரியே ஒரு சாண் இறங்கியிருக்கும். கரைக்கு வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பேச முடியாமல் சிரித்தாள். ஒவ்வொரு வாரமும் போனோம். ஒவ்வொரு வாரமும் விழுந்தேன். பாதி நாட்கள் வேண்டுமென்றே விழுந்தேன். மீதிப் பாதி உண்மையாகவே விழுந்தேன். ஒவ்வொரு வாரமும் படகில் ஏதாவது ஒன்று கெட்டது. அவள் கரையில் உட்கார்ந்து கிரீஸிடம் பேசிக்கொண்டிருப்பாள், நான் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பேன்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயத்தில் அவள் உடம்பு இறங்க ஆரம்பித்தது. முதலில் ஓட்டுவதை நிறுத்தினாள். அப்புறம் கிரீஸ் உட்காரும் இருக்கைக்கு மாறினாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, படகுக்குப் பின்னால் தண்ணீரில் நீளுகிற வெள்ளை நுரைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வருவாள். நான் மெதுவாக ஓட்டுவேன். முன்னால் ஒரு கண்ணாடி உண்டு. அதில் அவளுடைய பின்னந்தலை மட்டும் தெரியும். நாளுக்கு நாள் அந்தத் தலை சிறிதாகிக்கொண்டே வந்தது.

ஒருநாள் நடு ஏரியில், "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். படகு ஆடிக்கொண்டு நின்றது. என் முதுகும் அவள் முதுகும் ஒரே பலகையில் சாய்ந்திருந்தன.

"புண்ணு ஆறிடுச்சா?" என்றாள்.

"ஆறிட்டு வருதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றேன்.

"அந்த டாக்டரம்மா என்கிட்டதாங்க முதல்ல சொன்னாங்க. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணோம். எனக்குத் தெரியாதுன்னு சொன்னாத்தான் நீங்க தாங்குவீங்க, மறைக்கிற வேலையிலயே உங்களுக்குப் பொழுது போயிடும்னு நான்தான் சொன்னேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேயிருந்தேன். ஓடாத படகின் ஸ்டியரிங்கை எதற்குப் பிடிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

"ஒரேடியா இறுக்கி வச்சிருக்கீங்க" என்றாள். "கொஞ்சம் சொட்டவிடுங்க. கண்ணாடியைத் திருப்பி வச்சுக்கங்க, நான் பார்க்கலை."

கண்ணாடியைத் திருப்பினேன். வாய்விட்டு அழுதேன். அவள் பின்னால் பார்த்தபடி கையை மட்டும் இருக்கைக்கு மேலாக நீட்டினாள். தோள் எட்டவில்லை. என் காது கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் போய்விட்டாள்.

அப்புறம் வீட்டில் இருந்தேன். துணி அலமாரிச் சாவி அவள் இடுப்பில் இல்லை, சுவரில் ஆணியில் தொங்கியது. யாரும் தடுக்கவில்லை. கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதைப் பிரிக்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டைக் கழட்டிப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னாளே, கழட்டாமலே நடுவில் உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்தால் உட்காரவைத்தேன். மணி அடித்தது. அவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார்கள்.

படகை விற்றுவிடலாம் என்று போனேன். பின்பக்கம் பார்த்த அந்த இருக்கையை என்னால் பார்க்க முடியவில்லை. இந்த நிலைமையில் யாரும் வாங்கமாட்டார்கள் சார், எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள் என்றார் கிரீஸ். நியாயம்தானே? அலமாரியைத் திறந்து ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு போனேன்.

தண்ணீர் பம்பைச் சரிசெய்தேன். மறுநாள் எண்ணெய்க் குழாய் ஒழுகியது. குழாயை மாற்றினேன். அடுத்து கம்பத்தின் போல்ட் ஆடியது. அதை இறுக்கினேன். தண்டு நட்டு தளர்ந்து, சொட்ட வேண்டிய இடத்தில் கொட்டியது. தினமும் போக வேண்டியதாயிற்று. போனால் மதியம் கிரீஸோடு சாப்பாடு. பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் தங்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, இதையும் கொஞ்சம் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். ஒருநாள் எதற்கோ நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு முழுவதும் என் மேலேயே எனக்குக் கோபமாக இருந்தது.

ஆனால் அந்தத் தண்டு நட்டு என்னை அரித்தது. நான் இறுக்குவேன், அது தளரும். மறுபடி இறுக்குவேன், மறுபடி தளரும். என் நட்டு! கை தளர்ந்துவிட்டதா? வயசாகிவிட்டதா? இத்தனை காலம் எட்டாவது மாடிக்குப் போனவர்களை நினைத்து எனக்கு வியர்த்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நட்டை இறுக்கிய பிறகு, நட்டின் மேலும் அது உட்கார்ந்திருக்கிற அசையாத இரும்பின் மேலும் சேர்த்து ஒரு கோடு வரைவோம். நட்டு இம்மியளவு திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் பெயின்ட் இல்லை. அவளுடைய நகப்பூச்சு இருந்தது. சிவப்பு. அதை எடுத்துப்போய்க் கோடு போட்டேன்.

மறுநாள் கோடு உடைந்திருந்தது. அதுவும் சுத்தமாக அரைச் சுற்று. தானாகத் தளர்கிற நட்டு அப்படிக் கணக்காகத் தளராது. யாரோ ஸ்பானர் போட்டிருக்கிறார்கள்.

மறுபடி இறுக்கி, மறுபடி கோடு போட்டுவிட்டு, அடுத்த நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் போனேன். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. என் படகின் எஞ்சின் பெட்டிக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கிரீஸின் கால்கள்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

கால்கள் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கையில் ஸ்பானரோடு தலை வந்தது. திருடியவன் முழி இல்லை அது. பரீட்சையில் எழுத மறந்தவன் முழி.

"அம்மா சொன்னதுதான் சார்" என்றார்.

நான் படகின் விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நான் வருவதற்கு முந்தின வாரமே வீட்டுக்காரி தனியாக அங்கே வந்திருக்கிறாள். மூன்று படகையும் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். நல்ல படகைக் காட்டியிருக்கிறார் இவர். வேண்டாம் என்றிருக்கிறாள்.

"இதுல எது என்னைக்குமே ரிப்பேர் முடியாதுன்னு கேட்டாங்க சார். இதைக் காட்டினேன். அப்ப மத்த ரெண்டையும் மூடி வைங்க, அவர் கண்ணுல படக்கூடாதுன்னாங்க. என் விளம்பரம் வந்த பேப்பரைக் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. நல்ல பேப்பரா குடுங்க, சாப்பாட்டு டப்பாவுல சுத்தணும்னாங்க. எனக்கு அப்பப் புரியலை."

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போறதுக்கு முன்னாடி கடைசியா வந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க சார். நான் போனப்புறம் அவர் இதை விக்க வருவார், சரிபண்ணிட்டு வித்துக்கச் சொல்லுங்க. சரிபண்ணிட்டேன்னு வந்து நின்னா வேற எதையாவது கழட்டி விட்டுடுங்க. அவருக்குச் சும்மா உக்காரத் தெரியாது, உக்கார விட்டுடாதீங்கன்னாங்க." அவர் தலையைச் சொறிந்தார். "ஆனா ஒரே நட்டைத் திரும்பத் திரும்பக் கழட்டாதீங்க, கண்டுபிடிச்சிடுவார்னும் சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும். காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. நானே பார்த்து, நானே தேர்ந்தெடுத்து, அவளுக்குத் தெரியாமல் அவளுக்காக வாங்கிய படகு! பின்பக்கம் பார்த்த இருக்கையில் போய் உட்கார்ந்தேன். அதுவரை நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. கண்ணாடி திருப்பி வைத்தபடியே இருந்தது. கொஞ்ச நேரம் சொட்டவிட்டேன். கிரீஸ் சுவர்ப் பக்கம் திரும்பி, இல்லாத ஒரு சாமானைத் தேடிக்கொண்டிருந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"கழட்டி முடிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணு பாக்கி சார்."

"சரி, நான் போய் டீ குடிச்சிட்டு வர்றேன்."